மந்திரித்த சுரைக்காய்

18.5.2025, ஞாயிறு. இன்று நான் செய்த தவறு: சுரைக்காயை நறுக்கும் முன் காம்பு ஓரத்தில் ஒரு துண்டு கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு மரிய சுகந்தி ‘நான் செய்த’ என்பதை அடித்தாள். யோசித்துவிட்டு அதையே மறுபடியும் மேலே எழுதினாள். வில்லியனூர் மாலை நேரக் கணினி வகுப்பில் சேர்ந்த அன்று டீச்சர் சொன்னது, தினமும் ஒரு பக்கம் பொய் இல்லாமல் எழுதுங்கள் என்று. எது பொய் என்பதில்தான் அவளுக்கு எப்போதும் குழப்பம். வயிறு வேறு இழுத்துப் பிடித்தது. சுவரில் சாய்ந்துகொண்டு எழுதினாள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவள் இருப்பது அண்ணன் பவுல்ராஜ் வீட்டில். வகுப்புக்கு அனுப்ப அண்ணி செலின் மேரி ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். கோடை முழுக்கக் கொல்லைத் தோட்டத்திலிருந்துதான் குழம்புக்குக் காய் வரவேண்டும். மதகடிப்பட்டுச் சந்தையில் போய்க் காய் வாங்கும் நாளோடு வகுப்பும் நின்றுபோகும். சுகந்தி வெண்டை, கத்தரி, கீரை போட்டாள். பந்தல் கட்டிச் சுரை ஏற்றினாள். விதைத்த தேதி, பூத்த தேதி, ஊற்றிய தண்ணீர் எத்தனை குடம், எல்லாம் அதே நோட்டில் இருந்தது. ஏப்ரலில் ஒரு நாள்கூடத் தட்டில் காய் இல்லாமல் போகவில்லை. அண்ணன் வெண்டைக்காய்ப் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை.

மே பிறந்ததும், குழாயில் தண்ணீர் குறைகிறது, தோட்டத்துக்கு நாளைக்கு ஒரு குடத்துக்கு மேல் கிடையாது என்று சொல்லிவிட்டாள். அந்த வெயிலில் ஒரு குடம் எந்த மூலைக்கு? சுரை இலை மத்தியானத்துக்குள் துவண்டு தொங்கியது. வாடிய கொடியில் காய் கசக்கும். அதனால்தான் நறுக்கும் முன் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்ப்பது.

ஆனால் கொடியில் முதல் காய் கோயிலுக்கு. முழுசாகக் காணிக்கை வைப்பார்கள், ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார், பூசை முடிந்ததும் வாசலில் ஏலம் விடுவார்கள். இன்றைக்கு அண்ணி ஊர் பார்க்கத் தன் வீட்டுக் காயைத் தானே ஏலத்தில் எடுத்தாள். எதிர்த்துக் கேட்டவர்கள் ஒதுங்கும்வரை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கூட்டு வைக்கச் சொன்னாள்.

சுகந்தி பழக்கப்படி காம்பு ஓரத்தைக் கிள்ளினாள். தீர்த்தம் தெளித்த காயைச் சந்தேகப்பட்டு நாக்கில் வைப்பது பாவம்போல் இருந்தது. கிள்ளியதையும் சட்டியிலேயே போட்டுவிட்டாள்.

அண்ணன் ஒரு வாய் எடுத்துத் துப்பினான். அண்ணி நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். கத்தவில்லை. சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து சுகந்தியின் முன்னால் வைத்தாள்.

“துண்ணு.”

“கசக்குது அண்ணி. கொட்டிட்டு வேற ஏதாவது...”

“ஃபாதர் மந்திரிச்சத குப்பையில கொட்டுவியா? நீ வளத்தது, நீ ஆக்குனது. நீயே துண்ணு.”

சுகந்தி அண்ணனைப் பார்த்தாள். அவன் இருந்த மோரையெல்லாம் ஊற்றிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றியிருந்தால் இது கசக்குமா என்று சோற்றைப் பார்த்தே கேட்டான். நோட்டைக் கொண்டுவந்து காட்டலாம் என்று எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். மே முதல் தேதியிலிருந்து ஒரு குடம், ஒரு குடம் என்றுதான் அதில் இருந்தது. யார் சொல்லி என்று இல்லை. எழுதினால் புகார் மாதிரி இருக்குமே என்று விட்டிருந்தாள்.

நாளை மாலை வகுப்பில் கடைசிப் பரீட்சை. அது அண்ணிக்கும் தெரியும்.

“சட்டி காலியாவட்டும், பரீட்சைக்குப் போ. மீந்துச்சின்னு வெச்சிக்கோ, பஸ் ஸ்டாப் பக்கமே தலவெச்சிப் படுக்கக் கூடாது.”

சுகந்தி எண்ணித்தான் தின்றாள். மூன்று கரண்டி உள்ளே போயிற்று. நாலாவதில் கொல்லைக்கு ஓடிப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ரோசம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அண்ணியும் பின்னாலேயே வந்து நின்று விஷயத்தைச் சொன்னாள், ஏலத்தில் எடுத்ததையும் சேர்த்து.

“கசந்த சுரைய மாடே மோந்துட்டு வுட்டுடும், செலினு. கொடல அறுத்துடும்டி.”

“மந்திரிச்ச காயி கெடுதல் பண்ணுமா? நீயே சொல்லேன்.”

ரோசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். பெண்ணுக்குக் கொஞ்சம் மோர் கொடு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொழுது சாய்வதற்குள் இன்னும் மூன்று முறை. கடைசியில் எச்சிலோடு சிவப்பாக ஒரு இழை வந்தது. சுகந்தி அதை மண் தள்ளி மூடினாள். படிக்காமல் இருந்துவிட்டு இப்போது நாடகம் போடுகிறாள் என்று உள்ளே அண்ணி சொல்வது கேட்டது. அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டினான். பிறகு அண்ணி சட்டியைத் திறந்து, கரண்டியால் அள்ளி அள்ளிப் போட்டு அளந்து பார்த்தாள்.

“அஞ்சு கரண்டி கீது,” என்றாள். தட்டைப் போட்டு மூடினாள்.

சுகந்தி நோட்டில் மே முதல் தேதிப் பக்கத்தைத் திருப்பினாள். ‘ஒரு குடம்’ என்பதற்குப் பக்கத்தில் ‘அண்ணி சொன்னபடி’ என்று எழுதலாமா என்று பார்த்தாள். இடம் இருந்தது. பின்னால் சேர்த்து எழுதுவது பொய்யாகிவிடுமோ என்று தோன்றியது. பக்கத்தைத் திருப்பி இன்றைய தேதிக்கே வந்தாள்.

நாளை திங்கள். காலையில் தோட்டத்துக்கு ஒரு குடம், அண்ணி சொன்னபடி. ஏழு மணிக்குக் கூட்டைச் சூடு பண்ண வேண்டும். அப்போது இரண்டு கரண்டி, பதினொரு மணிக்கு இரண்டு, மூன்று மணிக்கு ஒன்று. சட்டியைக் கழுவி அண்ணியிடம் காட்ட வேண்டும். நாலரைக்கு பஸ்.