ஒரே பிரஷ்

பக்கவாதம் வந்தபோது அண்ணனுக்கு வலது கையும் வலது காலும் போனதோடு பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்து நின்றது. "சரி." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், முதுகு அரித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். "அண்ணி குடுத்து வெச்சவங்க, இனி இந்த வீட்டுல எதிர்ப்பேச்சே கிடையாது" என்று தம்பி கேலி செய்வான். அண்ணனும் பாதி வாயால் சிரித்துவைப்பார். சிரிக்காமல் என்ன செய்வது?

அந்த ஞாயிறு மதியம் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கொல்லைப்புறத்தில் தம்பி கரி அடுப்பு மூட்டினான். இருபத்தாறு வருஷம் ஓட்டல் அடுப்பில் மீன் சுட்ட மனிதரைச் சக்கர நாற்காலியில் நிழலுக்கு ஒதுக்கிவிட்டு, பஸ் கண்டக்டர் ஒருவன் சுடக் கிளம்பினால் எப்படி இருக்கும்? கரி சாம்பல் பூக்கும் முன்பே இறாலைப் பரப்பிவிட்டான். கணவாய் மீன் ரப்பராகிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அண்ணனுக்கு வயிற்றெரிச்சல்.

சோளத்தில் மட்டும் எல்லோரும் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். தம்பி மகளுக்கு ஆறு வயது, வீட்டில் எல்லோருக்கும் அவள் 'வாலு'. அவளுக்கு இறால் ஆகாது. போன வருஷம் ஒன்றே ஒன்றைத் தின்றுவிட்டுத் தொண்டை வீங்கி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால் கம்பி வலையின் நடுவே ஒரு தகரத்தை நிறுத்தி, இந்தப் பக்கம் இறாலும் கணவாயும், அந்தப் பக்கம் சோளக் கதிர்கள் என்று பிரித்திருந்தார்கள். இடுக்கி இரண்டு, தட்டு இரண்டு. தம்பி மனைவி மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

வெண்ணெய்க் கிண்ணம் ஒன்று. பிரஷும் ஒன்று.

தம்பி இறால் மேல் பிரஷை இழுத்தான், கிண்ணத்தில் தோய்த்தான், மறுபடி இறாலில் இழுத்தான். அதே கையோடு சோளத்துக்குப் போனான். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"சரி!" என்றார்.

"ஆமாண்ணே, வாசனை தூக்குதுல்ல?"

"சரி! சரி!"

"பசி போலிருக்கு, காலைல சரியாவே சாப்பிடல" என்றாள் அண்ணி.

பிரஷை மாத்துடா முட்டாளே. முழு வாக்கியமும் அவர் மனதில் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வந்தது என்னவோ அந்தச் சனியன் பிடித்த சொல்தான். இடது கையால் பிரஷைச் சுட்டிக் காட்டினார்.

"இன்னும் தடவணுமா? நீங்க சொன்னா அப்பீல் ஏதுண்ணே" என்று தம்பி சோளத்துக்கு இன்னொரு கோட் அடித்தான். தட்டில் அடுக்கி, கிண்ணத்தோடு அண்ணன் பக்கத்து மேசையில் கொண்டுவந்து வைத்து, ஒரு கதிரை மகளிடம் கொடுத்தான்.

வாலு நேரே பெரியப்பாவிடம் வந்தாள். எதைத் தின்பதற்கு முன்பும் அவரிடம் அனுமதி கேட்பது அவளாகக் கண்டுபிடித்த விளையாட்டு. அவர் எதையும் மறுத்ததில்லை.

"பெரியப்பா, சாப்பிடட்டுமா?"

அண்ணன் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார். அந்தச் சொல்லை மட்டும் வெளியே விடக் கூடாது. தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, வேண்டாம் என்று ஆட்டினாரா, அவருக்கே புரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே கதிரை வாய்க்குக் கொண்டுபோனாள்.

இடது கையை வீசி அடித்தார். கதிர் தெறித்தது, அவள் கன்னத்திலும் அடி விழுந்தது. இன்னொன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்களே என்ற பதற்றத்தில் தட்டையும் கிண்ணத்தையும் சேர்த்து இழுத்து மண்ணில் கவிழ்த்தார்.

"என்னண்ணே இது? பச்சப் புள்ளையப் போய் அடிக்கிறீங்க!" தம்பி அவரைப் பார்த்துக் கத்தியது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அண்ணி கூனிக் குறுகிப்போனாள். "பசிச்சா இப்படியா பண்ணுவீங்க?" என்று அழுதுகொண்டே நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு, அறைக்கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.

வாலுவின் அழுகை சுவரைத் தாண்டி வந்தது. கடித்துவிட்டாளா, இல்லையா? அந்த அவசரத்தில் அவர் பார்க்கவில்லை. யாரிடம் கேட்பது, எந்த வாயால் கேட்பது? தொண்டை வீங்கினால் இவ்வளவு சத்தம் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அழட்டும். நன்றாக அழட்டும்.

சட்டென்று அழுகை நின்றது.

அண்ணனுக்கு உயிரே போய்விட்டது. "சரி! சரி!" என்று அலறினார். கதவை மோதித் திறக்கலாமென்று இடது கையால் சக்கரத்தைத் தள்ளினார். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் நாற்காலி எங்கே போகும்? நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

"கத்தட்டும், விடுங்க அண்ணி" என்றான் வெளியே தம்பி.

பிறகு வாலுவின் குரல் கேட்டது. "பெரியப்பா கெட்டவரு. இனிமே அவர் பக்கத்துல நான் உக்காரவே மாட்டேன்."

கரகரப்பில்லை, திணறலில்லை. ஒரே மூச்சில் முழுசாகச் சொல்லிவிட்டாள். அதை இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்று அண்ணன் கதவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.