இடது கை கதை, வலது கை தகவல்

"நேத்து சாயங்காலம் உங்க டீச்சர் ஒரு பெரிய டாக்டரைப் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சாங்க," என்றபடியே தபால்காரர் மூன்றாம் வகுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

முப்பத்தேழு இடது கைகள் விருட்டென்று எழுந்தன. இடது கை என்றால் கதை, வலது கை என்றால் தகவல். வகுப்பெடுப்பவர் "இறக்கு" என்னும்வரை கை மேலேயே நிற்க வேண்டும். அது டீச்சர் போட்ட சட்டம்.

தபால்காரர் டீச்சரின் கணவர். அவர் தபால் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, மாதம் ஒருமுறை டீச்சரே அவரைக் கூட்டிவந்து கதைக்கு உதாரணமாக நிறுத்துவார். அவர்கள் வீட்டுச் சமையலறையில் திமிங்கலம் குளித்ததும், அவருடைய சைக்கிள் மழைக்குப் பயந்து மரமேறியதும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் எழுதியதைச் சுமந்தவர், இப்போது சொந்தச் சரக்கை விநியோகித்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை எட்டு பத்துக்கு டீச்சர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலை வாங்கக் கையெழுத்து வேலைகள் முடிய மதியமாகும் என்றார்கள். மைத்துனியை அங்கே உட்கார வைத்துவிட்டு இவர் கிளம்பிவிட்டார். "நாளன்னைக்குப் பரீட்சை. ரிவிஷனை நீங்க முடிச்சிடுங்க. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அதையும் நீங்களே சொல்லிடுங்க. ஊருக்குப் போயிருக்காங்கன்னு கயிறு திரிக்கக் கூடாது," என்று டீச்சர் நேற்று சத்தியம் வாங்கியிருந்தார். "நான் சொல்லிக்கிறேன், நீங்க போங்க சார்," என்று தலைமையாசிரியை எவ்வளவோ சொல்லியும் அவர் நகரவில்லை. இந்த ஒரு தடவையாவது பிள்ளைகள் அவரை நம்ப வேண்டும்.

"இறக்கு," என்றார். "திமிங்கலம் எத்தனை டன்னுன்னு தெரியணும். முதல் பக்கத்துலேர்ந்து படிக்கணுமா?"

"பொருளடக்கம்!" சுவரில் இருந்த பல்லி அன்றே வேலையை ராஜினாமா செய்துவிட்டது.

"படத்துக்குக் கீழ பொடி எழுத்து?"

"படக்குறிப்பு!" இந்தச் சத்தத்தில் பக்கத்து வகுப்பிலும் நாலு பேர் பாஸாகியிருப்பார்கள்.

"சரி," என்று பாடப்புத்தகத்தைப் பிரித்தார். "இந்தக் கதையில முதலை ஏன் அழுவுது?"

"பசி சார்," என்றான் கடைசி பெஞ்சு வால்.

"எந்த வரியில போட்டிருக்கு?" முன்வரிசையிலிருந்து ஒரு பெண் திரும்பினாள். யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பதால் அவளுக்கு வகுப்பில் சாட்சி என்று பெயர்.

வால் பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தான். "எனக்குத்தான் பசி சார்."

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. மணியடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. தபால்காரர் புத்தகத்தை மூடினார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி. உங்க டீச்சர் இன்னைக்குக் காலையில இறந்துட்டாங்க."

முப்பத்தேழு இடது கைகள்.

"விட்டா அளந்துக்கிட்டே போவீங்க சார்," என்றான் வால்.

"டாக்டர் கதைக்கே இன்னும் ஆதாரம் காட்டல," என்றாள் சாட்சி.

தபால்காரர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் அச்சடித்த குறிப்பு அது. ஓரத்தில் சிவப்பு மையில் கோணலான எழுத்து. சாட்சி விரல் வைத்துப் படித்தாள். "தலைப்பு எங்கே? முக்கியமான செய்தி ஏன் கடைசி வரியில் ஒளிந்திருக்கிறது? திருத்தி எழுதவும்." அதற்குக் கீழே வேறொருவர் எழுத்து: "எழுதுகிறேன், டீச்சர்." டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

"பெஞ்சு?"

"பெஞ்சு மட்டும் என் சரக்கு."

"அப்போ டாக்டர் தகவல், பெஞ்சு கதை," என்று தீர்ப்புச் சொன்ன சாட்சி, தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவருடைய சட்டைப் பையைப் பார்த்தாள். ஒரு பக்கக் காலில் நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி அதில் இருந்தது.

"அது டீச்சரோடது. அது இல்லாம எப்படிப் படிப்பாங்க?"

தபால்காரர் கண்ணாடியை எடுத்து டீச்சரின் மேசை மேல் வைத்தார்.

சாட்சி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். யாரையும் பார்க்காமல் வலது கையைத் தூக்கினாள்.

"தகவல்," என்றாள்.

பின்னால் ஒவ்வொரு கையாக மாறத் தொடங்கியது. 'இறக்கு' என்ற சொல்லுக்காக எல்லோரும் தபால்காரரைப் பார்த்தார்கள். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தார். சாட்சிக்குக் கை வலித்திருக்க வேண்டும். இடது கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.