செத்த கனம்

சிமெண்ட் கோடவுனில் எல்லோருக்கும் அவன் தராசு. மூட்டை தோளில் வந்து உட்கார்ந்ததும் எடை சொல்லிவிடுவான். ஐம்பது கிலோ என்று அச்சடித்த பையில் நாற்பத்தொன்பதுதான் இருந்தால், பலகையில் இரண்டு அடி வைப்பதற்குள் ஒண்ணு குறையுது என்பான். மேஸ்திரி நம்பாமல் மெஷினில் போட்டுப் பார்த்த நாட்கள் உண்டு. மெஷினும் அதையேதான் சொல்லும். அவனுடைய அப்பா சுமை தூக்கியவர், பெரியப்பா சுமை தூக்கியவர், தாய்மாமன் இடுப்பு விட்டுப்போய்ப் படுக்கையில் விழும்வரை சுமை தூக்கியவர். அந்தக் குடும்பத்தில் தோள்தான் படிப்பு.

அதெல்லாம் பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னால். சண்டை ஓய்ந்து அவன் திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் ஒரு மூட்டைக்கும் அவன் எடை சொல்லவில்லை.

அன்று காலையில் வந்த லோடு வழியில் மழையில் நனைந்திருந்தது. சுமைக்காரர்களிடம் இதற்கொரு சொல் உண்டு. நல்ல மூட்டை ஆளின் நடைக்குத் தகுந்தபடி தோளில் அசைந்து கொடுக்கும். அது உயிர்க் கனம். ஈரம் வாங்கி உள்ளே இறுகிவிட்ட மூட்டை அசையாது, கல்லாக அழுத்தும். அது செத்த கனம். பையைப் பிரிக்காமலே எது செத்தது என்று சொல்ல அந்தக் கோடவுனில் ஒரே ஆள்தான் இருந்தான். மேஸ்திரி அவனிடம் வந்து கேட்டார். தெரியலை, குத்திப் பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டு, தராசு அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தான்.

"தராசு துருப்பிடிச்சுப் போச்சு மேஸ்திரி," என்றான் லாரி மேலிருந்து மூட்டை ஏற்றிவிடும் நெட்டை. "பட்டாளத்துல எண்ணெய் போடாம அனுப்பிட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தராசும் பல்லைக் காட்டிவைத்தான். நெட்டைக்கு வாய்தான் நீளம், மனசில் ஒன்றும் கிடையாது. தராசு இப்போதெல்லாம் வலது தோளில் மட்டும் தூக்குவதையும் அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். இன்னொரு பழக்கத்தையும் அவன்தான் கண்டான். மூட்டையை அடுக்கில் இறக்கியதும் தராசு உடனே திரும்புவதில்லை. உள்ளங்கையை அதன்மேல் பதித்து ஒரு மூச்சு நேரம் நிற்பான். சிமெண்டுக்கு நாடி பார்க்கும் டாக்டர் என்று நெட்டை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பத்தரை மணி டீக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது கேட்டருகே ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. தராசு என்கிறவர் யார் என்று மேஸ்திரியிடம் கேட்டாள். டீ கிளாஸை வைத்துவிட்டு அவன் எழுந்தான். அவள் வாய் திறப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதே அகன்ற நெற்றி, அதே மேலுதடு. டெய்லரின் அக்கா.

டெய்லரும் அவனும் ஒரே பிரிவில் இருந்தார்கள். முதல் நாள் மூட்டை கொடுத்தபோது இருபத்தைந்து கிலோ என்று சார்ஜன்ட் படித்தார். முப்பத்தொண்ணு சார் என்று தராசின் வாய் தன்னால் சொல்லிவிட்டது. சமையற்கட்டுத் தராசில் தூக்கிப் போட்டுப் பார்த்தார்கள், முப்பத்தொன்றேதான். அதற்காக யாரும் ஆறு கிலோவைக் குறைத்துவிடவில்லை. இரண்டு கிலோ தோட்டா கூடுதலாகக் கொடுத்தார்கள். துப்பாக்கி, தண்ணீர், மண்வெட்டி, நனைந்தால் ஆள் கனம் கனக்கும் கம்பளிக் கோட்டு. வார்ப்பட்டை ஒரே வாரத்தில் தோளை அறுத்துப் புண்ணாக்கியது. பட்டியலில் இல்லாத சாமான் ஒன்றை டெய்லர் தன் மூட்டையில் வைத்திருந்தான். ஊசி, நூல், பித்தான் போட்ட ஒரு தகர டப்பா. கிழிந்த காலுறையை வெட்டி, மடித்து, தராசின் வார்ப்பட்டைக்கு அடியில் மெத்தை வைத்துத் தைத்துக் கொடுத்தவன் அவன்தான். கூலி எதுவும் வேண்டாம், நான் நடக்க முடியாமல் போனால் என்னைத் தூக்கிக்கொண்டு போ, அது போதும் என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

அடுக்குகளுக்குப் பின்னால் மரச்சட்டங்களைத் திருப்பிப்போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் குடும்பக் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். தம்பி போன பிறகு தம்பி மனைவிதான் தையல் மெஷினில் உட்காருகிறாள். பட்டாளத்துக் கடிதத்தில், குண்டு பட்டதும் உயிர் பிரிந்தது, வலி இருந்திருக்காது என்று எழுதியிருந்தது. துணி கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் அதைச் சொல்கிறாள். வலியே இல்லையாம் என்று சொல்லித்தான் அடுத்த தையலைப் போடுகிறாள்.

"லெட்டர்ல உங்களைப் பத்திதான் பாதி எழுதுவான்," என்றாள் அக்கா. "அதான் உங்களைத் தேடி வந்தேன்."

துணிப்பையைப் பிரித்தாள். உள்ளே பட்டாளத்துக் கால்சட்டையின் ஒரு கால், தொடைக்கு மேலே கத்தரித்து எடுத்தது. ரத்தம் காய்ந்து அட்டையாகியிருந்தது. தொடையைச் சுற்றி ஒரு துணிப்பட்டை, முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. தம்பியின் உடைமைகள் என்று கொடுத்த பொட்டலத்தில் இது இருந்ததாம். எரித்துவிட்டேன் என்று தம்பி மனைவியிடம் பொய் சொல்லி, எட்டு மாதமாக அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாளாம். போன வாரம் தம்பி மனைவி பானையை நகர்த்தியபோது பொட்டலத்தைப் பார்த்துவிட்டாள். பிரிக்கவில்லை. நீங்களே எடுத்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறாள்.

"குண்டு பட்டதும் போயிட்டான்னா, கட்டு எதுக்கு?" என்றாள் அக்கா. "யாரு கட்டினது இது?"

இந்தக் கேள்விக்குத் தராசு எட்டு மாதமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தான். யாராவது ஒருநாள் வருவார்கள் என்று தெரியும். அதை இப்போது தடுமாறாமல் சொன்னான்.

"நான்தான் கட்டினேன் அக்கா. என் கையிலதான் போனான்."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியது. நம்ப ஆசைப்படுகிற முகம் அது. பிறகு பையிலிருந்து ஒரு நீளத் துண்டுத் துணியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"கட்டிக் காட்டுங்க."

அவன் துணியை வாங்கித் தன் முழங்காலைச் சுற்றி இழுத்தான். இரண்டு கையாலும் இரண்டு முறுக்கு, ஒரு இழுப்பு. கை அதன் போக்கில் செய்தது. முடிந்ததும் குனிந்து பார்த்தான். மூட்டை வாய்க்குப் போடுகிற முடிச்சு. பிறந்ததிலிருந்து அவன் போடுகிற ஒரே முடிச்சு.

அக்கா கால்சட்டையில் இருந்த முடிச்சைத் தொட்டாள். அது வேறு மாதிரி, சப்பையாக, முனையை அடியில் செருகிப் படுக்கவைத்தது. தையல்காரனின் இடது கை துணியை விடக் கூடாது, அதனால் ஒரு முனையைப் பல்லில் கடித்து வலது கையால் மட்டும் போடுகிற முடிச்சு. அவர்கள் அப்பா சொல்லிக்கொடுத்தது. தம்பி மனைவிக்கு அவளே சொல்லிக்கொடுத்தது. பட்டையின் மறு முனையில் பல் பதிந்த தடம் இருந்தது.

"அவனே கட்டியிருக்கான்," என்றாள். குரல் ஏறவில்லை. மரியாதை மட்டும் போய்விட்டது. "அப்ப நீ எங்க இருந்த?"

முன்பக்கம் மேஸ்திரி விசில் ஊதினார். டீ நேரம் முடிந்தது. தராசு எழுந்திருக்கவில்லை.

அவன் சொன்னான். விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும், மூடுபனி. பின்வாங்கச் சொல்லி உத்தரவு. டெய்லருக்குத் தொடையில் குண்டு. மருந்துப் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டு, தராசு அவனை இடது தோளில் போட்டுக்கொண்டான். மற்ற மூன்று பேரும் இயந்திரத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டார்கள். மலைச்சரிவில் இறங்க வேண்டும், பின்னால் சுட்டுக்கொண்டே வருகிறார்கள். முதலில் டெய்லர் பேசிக்கொண்டே வந்தான். என்னைத் தைத்த துணி மாதிரி மடிக்கிறாயே, இஸ்திரி போடுவது யார் என்றான். தராசின் காலரைப் பிடித்திருந்தான். மூன்று மணி நேரம் நடந்த பிறகு பிடி விட்டுப்போனது. தோளில் அசைவு நின்றது. கனம் மாறியது.

"அறுபத்திரெண்டு கிலோ அவன். அப்படியே கல்லாட்டம் உக்காந்துச்சு. செத்த கனம்," என்றான். "சார்ஜன்ட் திரும்பிப் பாத்து, இருக்கானான்னு கேட்டாரு. இல்ல சார்னு சொன்னேன்."

"மூக்குல கை வச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"வேற யாராச்சும்?"

"இல்ல. நான் சொன்னா சரியா இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். என் தோளு தப்பாச் சொன்னதே இல்ல."

ஒரு பாறை ஓரமாக இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இருபது நிமிடத்தில் ஆற்றைத் தாண்டிவிட்டார்கள். பிழைத்தார்கள். மூன்றாம் நாள் இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி காட்டி, அவரவர் பிணங்களை எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்தார்கள். தோள் வலிக்கிறவர்கள் வர வேண்டாம் என்றார் சார்ஜன்ட். தராசு போனான்.

லாரியிலிருந்து நெட்டை அவன் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, என்ன நினைத்தானோ, நிறுத்திக்கொண்டான்.

"வச்ச இடத்துல அவன் இல்ல," என்றான் தராசு. "கீழ கிடந்தான். நாங்க போன பக்கமா. நாப்பத்தோரு எட்டு. எட்டு வச்சுப் பாத்தேன். நான் கட்டினது அவுந்துபோயி, அவனே வேற கட்டு போட்டிருந்தான்."

அவள் கால்சட்டையை மடித்தாள். மடிப்பு கோணலாக வந்ததும் பிரித்து மறுபடி மடித்தாள். அழுவாள், அடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"தோளு ஒரு தடவை தப்பாச் சொல்லிருச்சு. அவ்வளவுதானா?"

தலையை ஆட்டிவிட்டால் போதும். சார்ஜன்ட் அப்படித்தான் சொன்னார், இராணுவ டாக்டரும் அப்படித்தான் சொன்னார். மயங்கினவன் உடம்பும் செத்தவன் உடம்பும் தோளுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், நீ என்ன செய்வாய் என்றார்கள்.

"தெரியலை அக்கா," என்றான். "எனக்கு ஒடிஞ்சுபோச்சு. இடுப்பும் போச்சு, காலும் போச்சு. இவன் செத்துட்டா இறக்கிடலாமேன்னு அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை நெனச்சேன். மூணாவது தடவைதான் கனம் மாறுச்சு. தோளு சொல்லுச்சா, நான் சொல்லவச்சேனான்னு தெரியலை. கை வச்சுப் பாத்திருக்கலாம். பாத்தா இருப்பான்னு பயமா இருந்துச்சு."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தன் வாயால் இப்போதுதான் கேட்கிறான். கேட்பதற்கு அசிங்கமாக இருந்தது.

அக்கா குனிந்து செருப்பைத் தட்டினாள். சிமெண்ட் தூள் அவள் செருப்பின்மேல் படிந்திருந்தது. பிறகு, வீட்டில் காத்திருப்பவள் பொட்டலத்தைப் பிரித்தால் முடிச்சைப் பார்த்ததும் புரிந்துகொள்வாள், ஆனால் பாதிதான் புரியும், மீதியைத் தன்னிடம் கேட்பாள் என்றாள். ஒரு பொய்யை எட்டு மாதம் காப்பாற்றியதே தனக்குப் போதும் என்றாள்.

"இந்தக் கதையை என் வாயால அவளுக்குச் சொல்ல முடியாது. நீ வந்து சொல்லு."

"எப்ப அக்கா?"

"இப்ப."

மேஸ்திரியிடம் போய் அரை நாள் கேட்டான். பாதி லாரி நிற்கிறதே, ஆளுக்கு எங்கே போவேன் என்று அவர் முணுமுணுத்தார். நெட்டை லாரியிலிருந்து குதித்து இறங்கி, சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் மூட்டையும் சேத்து நான் அடிக்கிறேன், விடுங்க மேஸ்திரி என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை, கிண்டலும் செய்யவில்லை. தராசு குழாயில் முகம் கழுவினான். இமையில் ஒட்டிய சிமெண்ட் போகவில்லை.

பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அவன் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டான். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துப் பார்த்தான். ஒவ்வொரு வாக்கியமும் மூடுபனி, சார்ஜன்ட், உத்தரவு என்றே ஆரம்பித்தது. அவன் எங்கோ கடைசியில்தான் வந்தான்.

தெருவைப் பார்த்த முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் நிழல் விழுந்ததும் டெய்லரின் மனைவி சக்கரத்தில் கைவைத்து நிறுத்தினாள். சின்னப் பெண். முப்பதுகூட ஆகியிருக்காது. வாயில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டு, யாரு அண்ணி இவரு என்று கேட்டாள். அக்காவின் கையில் இருந்த பையைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

அக்காவுக்குக் கடைசி நேரத்தில் மனசு இளகியிருக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்தாளோ, அந்த முகத்தைப் பார்த்ததும் செய்தாளோ.

"தம்பி கூட இருந்தவரு," என்றாள். "அவனைத் தூக்கிட்டு வந்தவரு."

டெய்லரின் மனைவி இரண்டு கையையும் கூப்பினாள். அவள் கண் நிறைந்தது. வெட்டுத் துணிகளை அள்ளி ஓரமாகப் போட்டுவிட்டு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். உட்காருங்க அண்ணே என்றாள். அவருக்கு வலியே இல்லையாமே, நீங்க பக்கத்துலயே இருந்தீங்களாமே என்றாள்.

அக்கா அவனைப் பார்த்தாள். இப்போது அவள் பார்வை சொன்னது வேறு. போதும், உட்கார், ஆமாம் என்று சொல், போய்விடு.

நாற்காலி அவன் முழங்காலைத் தொட்டுக்கொண்டு இருந்தது. அவன் உட்காரவில்லை.

"தூக்கிட்டு வந்தவன் இல்லம்மா," என்றான். "நான் இறக்கிவச்சவன்."

அவள் கை கூப்பியபடியே நின்றது. புரியாமல் அண்ணியைப் பார்த்தாள், பிறகு அவனை. அவன் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.