லியாக்கத் அலியின் இடது கை

லியாக்கத் அலியின் இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை, பழுப்பு நிறக் கோடுகள் இருந்தன. நெற்றியில் தொழுகைத் தழும்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, எழுபது வயதிலும் சாயாத முதுகு. இப்படிப்பட்ட ஒருவர் கையில் பெண்கள் முகத்துக்குப் பூசும் சாயம் இருப்பது சிரம்பான் பக்கத்து லாபு வட்டாரத்தில் யாரும் எதிர்பார்க்கக்கூடிய காட்சி அல்ல. ஆகவே வெளியே போகும்போது சட்டைக் கையை இறக்கி, அதற்கும் பொத்தான் போட்டுக்கொள்வார்.

கையை அவரேதான் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை.

அவருடைய இரண்டாவது மகன் ரஃபீக்கின் மனைவி ஹுமைரா, நீலாயில் ஓர் அழகுப்பொருள் தொழிற்சாலையில் ஆய்வுக்கூடத்தில் இருந்தவள். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டாள். மளிகைக் கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கும் அறை ஒன்று காலியாகக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, தராசும் அடுப்பும் வைத்து, முகத்தில் பூசும் ஃபவுண்டேஷன் ஸ்டிக் வார்க்கத் தொடங்கினாள். கறுத்த தோலுக்கென்று ஒரு ஸ்டிக். சந்தையில் இருப்பதெல்லாம் கறுத்த முகத்தில் ஏறினால் சாம்பல் பூத்துவிடுகிறது என்பது அவள் கண்ட குறை.

விற்க ஒரு பெயர் வேண்டுமே. ரஃபீக் பாட்டனார் காசிமின் பெயரைக் கேட்டான். காசிம் கடை என்றால் செம்பனைத் தோட்டத்துச் சந்திப்பில் நின்று வழி கேட்பவனுக்குக்கூடத் தெரியும். அந்தப் பெயரை மளிகைக்கு வெளியே யாரும் எடுத்ததில்லை.

"என் வாப்பா பேரை வச்சுக்கோ," என்றார் லியாக்கத் அலி. "ஆனா அந்தப் பேருக்குக் கீழ, நான் பள்ளிவாசல்ல நின்னு சொல்ல முடியாத ஒரு வார்த்தையும் இருக்கக் கூடாது. இருந்தா பேரு கிடையாது."

அடுத்து, பூசிப் பார்க்கக் கறுத்த தோல் வேண்டியிருந்தது. ஹுமைரா சிவப்பு. ரஃபீக் தாயின் நிறத்தைக் கொண்டவன், அவனும் சிவப்பு. கடைக்கு வரும் தோட்டத்துப் பெண்களைக் கூப்பிட்டால் என்ன என்றான் ரஃபீக். கிழவர் அவனை ஒரு முறை பார்த்தார்.

"சாமான் வாங்க வர்ற பொம்பளைங்க கையில தடவிப் பாக்குறது நம்ம வீட்டுப் பழக்கமா? பேரு நம்மளோடது. தோலும் நம்மளோடதா இருக்கட்டும்."

வீட்டிலேயே கறுத்தவர் அவர்தான். சட்டைக் கையைச் சுருட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரத்தம் எடுக்க வந்த மருத்துவமனைத் தாதியிடம் கையை நீட்டுவது போல நீட்டினார்.

முதல் கோடு போட்டதும் ஹுமைரா கேட்டாள்.

"எப்படி இருக்கு மாமா?"

"மணலு."

"நல்லா கவனிச்சுச் சொல்லுங்க மாமா."

"கவனிச்சுட்டுத்தான் சொல்றேன். கழுவாத கீரை மாதிரி நறநறங்குது."

அவள் கோபப்படவில்லை. நிறப்பொடிகள் கட்டிகட்டியாகவே நின்றுவிட்டன என்று குறித்துக்கொண்டாள். சிவப்பும் மஞ்சளும் கறுப்புமான இரும்பு ஆக்சைடுப் பொடிகளை ஆமணக்கெண்ணெயில் குழைத்து, உருளைகளுக்கு இடையே திரும்பத் திரும்ப அரைத்தாள். மணல் போயிற்று. ஆனால் அடுத்த ஸ்டிக் தோலைப் பிடித்து இழுத்தது.

"மழுங்கின சவரக்கத்தி," என்றார் மாமா.

கெட்டியான மெழுகு அதிகம். அதைக் குறைத்தாள். குறைத்த ஸ்டிக்கை ரஃபீக் காரில் மறந்து வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய் வந்தான். திறந்து பார்த்தால் ஸ்டிக்கின் மேல் எண்ணெய் முத்து முத்தாக நின்றது.

"இதுக்கே வேர்க்குது. பூசுறவளுக்கு என்னாவும்?" என்று கேட்டுவிட்டுக் கிழவர் கடைக்குள் போய்விட்டார்.

இப்படியே நாள் போயிற்று. லியாக்கத் அலிக்கு அந்தத் தொழிலில் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. கடைக்கு வாங்கும் அரிசியின் தரம் பார்ப்பதைப் போலப் பார்த்தார், சொன்னார், சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். ஹுமைராவும் அவருடைய வாயிலிருந்து புகழ்ச்சியை எதிர்பார்க்கவில்லை. மெழுகுகளை மாற்றினாள். செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் மென்மையான மெழுகு ஒன்றைச் சேர்த்தாள். கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக இருக்கும் சிலிக்கா பொடியைக் கொஞ்சம் கலந்தாள், தோலின் மேல் அந்த உருண்டைகள் உருளும் என்று. உருகிய கலவையை மெல்ல ஆற விட்டால் மெழுகு பெரிய பெரிய படிகமாக உறைகிறது என்று கண்டு, வார்த்த உடனே குளிர்பெட்டிக்குள் வைத்தாள்.

ஒன்பதாவது ஸ்டிக் அன்று கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து, வாசலில் செம்பனைப் பழக்குலை ஏற்றிப் போகும் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி போய்ப் புழுதியும் அடங்கியது.

"சீக்கிரம் போடும்மா. அஸர் தொழுகைக்குப் போவணும்."

"போட்டாச்சு மாமா."

அவர் குனிந்து பார்த்தார். கோடு இருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால்தான் தெரிந்தது, தோல் எங்கே முடிகிறது, சாயம் எங்கே தொடங்குகிறது என்று. விரலால் தொட்டார்.

"எப்போ போட்ட?"

 ஹுமைராவின் முகத்தில் சிரிப்பு வந்து நின்றது. கிழவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அந்தக் கோட்டோடு பள்ளிவாசலுக்குப் போகலாம் என்ற துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

பள்ளிவாசல் செயலாளர் உசைர். அவருடைய மகள் அஃப்ரினுக்கு நிக்காஹ் வைத்திருந்தது. மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்பவள் பாரோயில் இருக்கும் விமலா. லிங்கி பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். ஹுமைராவின் ஸ்டிக் நன்றாக வந்தால் அஃப்ரினுக்கு அதைத்தான் போடுவேன், வந்தவர்கள் பார்த்தால் சிரம்பான் முழுக்கப் பரவிவிடும் என்று சொல்லியிருந்தாள். உசைருக்கு ஒரே கவலை. காலையில் முகத்தில் ஏறும் பூச்சு மாலைவரை இருக்கும். நடுவில் தொழ வேண்டும். தொழுகைக்கு முன் முகமும் கைகாலும் கழுவி ஒளு எடுக்கும்போது தண்ணீர் தோலைத் தொட வேண்டும்.

"காக்கா, உங்க ஸ்டிக்கு மேல ஒளு கூடுமா?" என்று லியாக்கத் அலியை அண்ணன் முறையில் அழைத்து, பள்ளிவாசல் முற்றத்தில் பத்துப் பேர் நடுவே கேட்டிருந்தார்.

லியாக்கத் அலி விசாரிக்காமல் பேசுகிறவர் அல்ல. வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டார். ரஃபீக், "கூடும் வாப்பா. தண்ணி உள்ள போவும். அதைத்தான் டப்பாவுலயும் போடுறோம்," என்றான். ஹுமைரா அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. மறுநாள் லியாக்கத் அலி அதே முற்றத்தில், "கூடும். நான் சொல்றேன்," என்றார். அதற்குமேல் அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. காசிம் வீட்டுச் சொல்லுக்கு அப்படி ஓர் இடம் இருந்தது.

ஒன்பதாவது கோட்டோடு போன அன்று அவர் குழாயடியில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கையைச் சுருட்டினார். முழங்கைவரை தண்ணீர் விட்டார். தோலில் பட்ட தண்ணீர் பரவி வழிந்தது. கோட்டில் பட்ட தண்ணீர் உருண்டு ஓடியது. மறுபடி விட்டார், மறுபடி ஓடியது. தேய்த்தார். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

பக்கத்துக் குழாயில் உசைர்.

"என்ன காக்கா, காருக்கு மெழுகு போட்ட மாதிரி தண்ணி ஓடுது?"

அப்பால் இருந்த ஒருவர், "மாப்பிள்ளைக்கும் சேத்துப் பூசுறாங்களா?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

லியாக்கத் அலி எழுந்தார். கழிப்பறைப் பக்கம் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை சிவக்கத் தேய்த்தார். கோடு போய் முடிந்தபோது உள்ளே ஜமாஅத் கூட்டுத் தொழுகை முடிந்திருந்தது. தனியாக ஒரு தூணோரம் நின்று தொழுதார். முன் வரிசையை விட்டு அவர் தூணோரம் நின்று யாரும் பார்த்ததில்லை.

வீட்டில், நின்றபடியே கேட்டார்.

"தண்ணி உள்ள போவும்னு யாருடா சொன்னது?"

ரஃபீக் கைத்தொலைபேசியை மேசையில் வைத்தான். "எல்லா கம்பெனியும் போடுறான் வாப்பா. அந்த வரி இல்லாட்டி நம்ம ஆளுங்க வாங்க மாட்டாங்க லா."

"நான் கேட்டது அது இல்ல."

 கிழவர் மருமகளைப் பார்த்தார். "உனக்குத் தெரியும்."

"தெரியும் மாமா," என்றாள் ஹுமைரா. "மெழுகும் எண்ணெயும்தானே. தண்ணி போவாதுன்னு உங்க மகன்கிட்ட அப்பவே சொன்னேன். உங்ககிட்ட... புருசன் பேசினதுக்கு எதிரா மாமனார்கிட்ட எப்படி சொல்றது?"

அது குடும்பத்துக்கு அழகான நடத்தை என்றுதான் லியாக்கத் அலியும் ஒரு காலத்தில் நினைத்திருப்பார். இப்போது அதைப் பாராட்டவும் முடியவில்லை, கண்டிக்கவும் முடியவில்லை.

"தண்ணியில போற மாதிரி செய்ய முடியுமா?"

"செய்யலாம். வழுவழுப்பு போயிரும்."

செய்தாள். எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் பொருளைச் சேர்த்தாள். பத்தாவது கோடு ஒரு கை தண்ணீரில் கரைந்து போயிற்று. அதற்கு முன்பே சட்டைக் கையில் ஒட்டியது, பிசுபிசுத்தது. விமலாவை வரவழைத்து இரண்டையும் கொடுத்தார்கள். ஒரு கன்னத்தில் ஒன்பது, மறு கன்னத்தில் பத்து என்று பூசிக்கொண்டு, கடைக்கு முன்னால் வெயிலில் தன் கார்மேல் சாய்ந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் பத்தாவது கன்னத்திலிருந்து பழுப்பு வேர்வை தாடைக்கு இறங்கியது.

"அங்கிள், இதைப் போட்டா பொண்ணு சபைக்கு வர்றதுக்குள்ள பாதி முகம் சேலையில இருக்கும்," என்றாள் விமலா. பிறகு மறு கன்னத்தைக் கண்ணாடியில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். "இது வேற லா. சாம்பலே அடிக்கல. இத்தனை வருசமா எங்களை மாதிரி கறுத்தவங்களுக்கெல்லாம் மாவு பூசிட்டு இருந்தானுங்க."

ஆக ஒன்பதுதான். அது வழுக்கிக்கொண்டு போகும், வெயிலில் நிற்கும், ஒளுவுக்கு விடாது.

விமலா போனதும் ரஃபீக் சொன்னான். "ஒன்பதையே விக்கலாம். டப்பாவுல ஒட்டுறதுக்கு வில்லை அச்சடிச்சு வந்தாச்சு. யாரு குழாயடியில உக்காந்து பாக்கப் போறா வாப்பா?"

"நான் பாத்தேன்."

"நீங்க சும்மா இருந்தா..."

"சும்மா இருக்கிறதுக்கு ஒங்க பாட்டன் பேரு எதுக்கு? ஒன் பேரைப் போட்டுக்கோ."

ரஃபீக் எழுந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஹுமைரா மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, நீங்க சொன்னதைப் பள்ளிவாசல்ல மாத்திப் பேச வேணாம். நான் அஃப்ரின்கிட்ட தனியா சொல்லிடுறேன். உசைர் மாமாவுக்கும் சங்கடம் இருக்காது."

அது நல்ல வழிதான். அவருடைய மானத்தை நினைத்துச் சொன்ன வழி. லியாக்கத் அலி அதை யோசித்தார். வெள்ளிக்கிழமை காலைவரை யோசித்தார் என்றுகூடச் சொல்லலாம். சட்டை போட்டுக்கொள்ளும்போது சொன்னார்.

"பத்துப் பேருக்கு முன்னாடி சொன்னதை அடுப்படியில வச்சுத் திருப்பி எடுக்க முடியாதும்மா. அந்த ஸ்டிக்கைக் கொடு. அதைக் கழட்டுற எண்ணெயும் கொஞ்சம் கொடு."

ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் முற்றத்தில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தது. லியாக்கத் அலி குழாயடிக்குப் போய், "உசைர், இங்க வா," என்றார். குரல் உயரவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு நாலு பேர் கூடவே வந்தார்கள். அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். பையிலிருந்து ஸ்டிக்கை எடுத்து மூடியைக் கழற்றி, எல்லோர் கண் முன்னாலும் தன் கையில் ஒரு கோடு இழுத்தார். குழாயைத் திறந்தார். தண்ணீர் உருண்டு ஓடியது.

"இதுக்கு மேல ஒளு கூடும்னு இதே இடத்துல சொன்னேன். தப்பு. கூடாது. எண்ணெய் தொட்டுத் துடைச்சு, சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டுத்தான் எடுக்கணும்."

சிறு சீசாவிலிருந்து எண்ணெய் விட்டுத் துடைத்தும் காட்டினார். கோடு துணியில் வந்தது. கை கையாக இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிடக் கடினமாக இருந்தது. பின்னால் யாரோ, "காசிம் வீட்டு ஆளு சொன்னதை மாத்திட்டாரே," என்று முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. முதுகு அசையவில்லை.

உசைர் தாடியைத் தடவினார். "அப்ப எம் மவ எப்படிக் காக்கா தொழுவுறது?"

"பூசுறதுக்கு முன்னாடி ஒளு எடுத்துக்கட்டும். அது முறியாத வரைக்கும் தொழலாம். முறிஞ்சா கழுவிட்டு மறுபடி பூசணும். விமலாவைப் பக்கத்துலயே இருக்கச் சொல்லு."

உசைர் கொஞ்சம் யோசித்தார். "முறியாம இருக்கணும்னா அன்னிக்கு அவளுக்குப் பிரியாணியைக் குறைக்கணும்."

இப்போது சிரித்தார்கள். செருப்பு கிடைத்தவர்கள் போகத் தொடங்கினார்கள். உசைர் ஸ்டிக்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, தன் புறங்கையில் ஒரு கோடு இழுத்து, விரலால் தேய்த்தார்.

"ஏறினதே தெரியல," என்றார். "சரி காக்கா. இதையே போடச் சொல்றேன்."

லியாக்கத் அலி வீட்டுக்கு வந்தபோது சட்டைக் கை சுருட்டியபடியே இருந்தது. பொத்தான் போட மறந்துவிட்டாரா, போட வேண்டாமென்று விட்டாரா என்பது ஹுமைராவுக்குத் தெரியவில்லை. பின்னறை மேசையில் அச்சடித்து வந்த வில்லைகள் கட்டுக்கட்டாக இருந்தன. ரஃபீக் திரும்பி வந்து, அவற்றின் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கட்டை எடுத்து, மலாய் மொழியில் ஒளுவைப் பற்றிப் போட்டிருந்த வரியை அவன் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழவர் அந்தக் கட்டை அவன் கையிலிருந்து வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். மற்றக் கட்டுகளை அவனே போட்டான்.

"புதுசா அச்சடிக்கும்போது, கழுவிட்டு ஒளு எடுக்கணும்ங்கிறதை மேல போடு," என்றார் மருமகளிடம். "அதுக்குக் கீழ வாப்பா பேரைப் போட்டுக்கோ."