வலது கை நகங்கள்

தட்டச்சு வகுப்பில் சேர வரும் பிள்ளைகளிடம் அக்கா முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுவாள்: நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தால்தான் இயந்திரத்தில் கை வைக்கலாம். சொல்கிறவளின் வலது கையிலோ நகங்கள் நீண்டு பளபளக்கும். இடது கையில் மட்டும் ஒட்ட வெட்டியிருக்கும்.

"டீச்சர், உங்க ஒரு கை மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்பிட்டுதா?" என்று வாயாடி ஒருத்தி ஒரு நாள் கேட்க, வகுப்பே சிரித்தது.

"என் நகத்தைப் பாக்காதே. என் வேகத்தைப் பாரு" என்றாள் அக்கா. முப்பத்தைந்து வருடம் அந்த ஒரே பதிலை வைத்தே ஓட்டி, ஓய்வும் பெற்றுவிட்டாள்.

அந்த நகங்கள் எதற்கு என்று தெரிந்தவர்கள் நான்கு பேர். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்தவரும் போய்விட்டார். மிச்சம் அவளும் தம்பியும்தான்.

தம்பியைத் தெரியாதவர்கள் குறைவு. ப்ளூஸ் என்கிற மேல்நாட்டுச் சோகப் பாட்டுப் பாடுகிறவன். தகரத்தைத் தரையில் இழுத்தாற்போன்ற குரல். அதனால் ரசிகர்கள் வைத்த பெயர் கரகரப்பு. அவனுடைய முதல் இசைத்தட்டில் வந்த 'ஈரச் சட்டை' என்ற பாட்டுதான் அவனை அவனாக்கியது. அந்தப் பாட்டின் கிதாரை வாசிக்க முயன்று தோற்காத ப்ளூஸ்காரன் கிடையாது.

அதை வாசித்தவள் அக்கா.

பதிவுக்குப் புறப்பட்ட காலையில் தம்பி தன் இடது கை மோதிர விரலைக் கார் கதவில் நசுக்கிக்கொண்டான். துணி கிழித்துக் கட்டுப் போட்டதும் அக்காதான். ஸ்டுடியோ கிடைத்தது அந்த ஒரு நாளுக்குத்தான். கிதாரை அவனுக்கென்று வாங்கினாலும், வீட்டில் அதைக் கற்றுக்கொண்டவர்கள் இரண்டு பேர்; அவர்களில் யார் கெட்டிக்காரர் என்பது அப்பாவுக்குத் தெரியும். "அவன் பாடட்டும், நீ வாசி. பேரு அவன் பேருதான். பொம்பளப் பிள்ளை பேரு இதிலெல்லாம் அடிபட வேண்டாம்" என்றார். வீட்டு மானம் என்று வந்தபின் அக்கா மறுத்துப் பேசுகிற ரகம் இல்லை. வாசித்தாள்.

திரும்பி வரும்போது தம்பி அழுதான். "நானா போயி யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா எவனாவது நேருக்கு நேரா கேட்டான்னா மறைக்க மாட்டேன். இது சத்தியம்" என்றான். அவள் கேட்காமலே அவனாகக் கொடுத்த வாக்கு. அதை நம்பித்தான் கம்பியை மீட்டும் வலது கை நகத்தை வளர்த்தாள். கேட்கிறவன் ஒரு நாள் வருவான். வாயால் சொன்னால் மட்டும் நம்புவானா? வாசித்துக் காட்ட வேண்டாமா? ஞாயிறுதோறும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒரு பாட்டை ஒரு முறை வாசித்துவிட்டுக் கிதாரை உறையில் போடுவாள். நாற்பது வருடம்.

கேட்கிறவன் தொப்பி போட்டுக்கொண்டு வந்தான்.

நல்ல பெயரெடுத்த கிதார்க்காரன். நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றவில்லை. கரகரப்பைக் கௌரவிக்க ஒரு முழு இசைத்தொகுப்பு போடுகிறானாம். பதினொரு பாட்டு முடித்துவிட்டானாம். பன்னிரண்டாவது 'ஈரச் சட்டை'.

"ரெண்டு வருஷமா அதோட மல்லுக்கட்டறேன் சார். பிடிபடல."

தம்பி நாற்காலியில் சாய்ந்து சிரித்தான். "பிடிபட்டுட்டா அப்புறம் என்னை யாரு மதிப்பா?"

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகவில்லை. சுவரோரமாக நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று தொப்பிக்காரன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "அந்தப் பாட்டுல ராகம் மேல ஏறும்போதெல்லாம் தடிச்ச கம்பி ஒரு கண் சிமிட்டற நேரம் நின்னுபோகுது. அந்த இடைவெளிதான் உங்க முத்திரைன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா உங்க கை எவ்வளவு பெரிசு! உங்க இடது கட்டைவிரல் மேலேர்ந்து வந்து அந்தக் கம்பியை அப்படியே அமுக்கும். விடவே வேண்டியதில்ல. சின்னக் கை வச்சிருக்கறவங்கதான் அதை விட்டுட்டு மெல்லிசு கம்பிக்குப் போகணும்."

அக்காவின் நெஞ்சு தட்டச்சு இயந்திரம்போல் அடித்தது.

"அப்புறம், நீங்க எப்பவும் வலது கட்டைவிரல்ல பிளாஸ்டிக் வளையம் மாட்டித்தான் வாசிப்பீங்க. இந்தப் பாட்டுல கேக்கறது நகம். வெறும் நகம். சார், வெளிப்படையாவே கேட்டுடறேன். அன்னிக்கு வாசிச்சது நீங்கதானா?"

இதைவிட நேராக ஒரு மனிதன் கேட்க முடியாது. அக்கா தன்னை அறியாமல் வலது கையைப் புடவைத் தலைப்பிலிருந்து வெளியே எடுத்தாள். தம்பி அவளைப் பார்த்தான். கையையும் பார்த்தான். நாற்பது வருடத்துக் கடைசி வாசற்படியில் நிற்கிறவனாகத்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தான். சொல்லுடா, என்று மனசுக்குள் சொன்னாள்.

தம்பி தொப்பிக்காரன் பக்கம் திரும்பினான்.

"பாட்டுக்கும் மூச்சு விட இடம் வேணும்ல? அதான் வேணும்னே விட்டேன். வளையத்தையும் அன்னிக்குக் கழட்டி வச்சிட்டேன். என்னமோ தோணிச்சு. கை பெரிசா சின்னதாங்கறது கணக்கு இல்லப்பா. எங்க விடணும்னு தெரியணும்."

தொப்பிக்காரன் கண்ணை மூடித் திறந்தான். "இதை அப்படியே தொகுப்போட அட்டையில போட்டுக்கறேன் சார்."

"போட்டுக்கோ."

"அம்மா, நீங்களும் அன்னிக்குக் கூட இருந்தீங்களா?" என்று அவன் அக்காவைக் கேட்டான்.

அவள் வாயைத் திறக்குமுன் தம்பி முந்திக்கொண்டான். "அக்காவா? அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், பாவம்! டக்கு டக்குன்னு தட்டத்தான் தெரியும்."

தொப்பிக்காரன் மரியாதைக்குச் சிரித்தான். அக்கா டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பொய் சொன்னதைக்கூட ஒரு வகையில் சேர்த்துக்கொள்ளலாம். பயம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 'பாவம்' எதற்கு? அதை அவனிடம் யார் கேட்டது?

கூடத்தில் பேச்சு தொடர்ந்தது. பன்னிரண்டாவது பாட்டை நீங்களே வாசித்துத் தர வேண்டும், வியாழக்கிழமை கருவிகளோடு வீட்டுக்கே வருகிறேன் என்று தொப்பிக்காரன் மன்றாடுவதும், "அதுக்கென்ன, வா" என்று தம்பி பெருந்தன்மை காட்டுவதும் சமையலறை வரை கேட்டது.

அவன் போன கையோடு தம்பி உள்ளே வந்தான்.

"அக்கா, கோவமா?"

அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"திடுதிப்புனு கேட்டுட்டான். எனக்கு வேற வழி தெரியல. இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேரு. என் பேரு மட்டுமா? நம்ம அப்பா பேரு, குடும்பத்துப் பேரு. நாளைக்கு ஊரு காறித் துப்பாதா?"

"வியாழக்கிழமை என்ன பண்ணப்போறே?"

தம்பி குரலைத் தாழ்த்தினான். "உள்ளறையில மைக்கை வச்சிட்டு அவங்க கூடத்துல இருக்கட்டும். யாரு பக்கத்துல இருந்தாலும் எனக்குக் கை ஓடாதுன்னு சொல்லிடறேன். நீ பின்கதவு வழியா உள்ள வந்து... ஒரே ஒரு தடவைக்கா."

அக்கா கையைத் துடைத்தாள். அலமாரியிலிருந்து நகவெட்டியை எடுத்தாள். பழைய செய்தித்தாள் ஒன்றை மேசைமேல் விரித்து, கட்டைவிரலில் ஆரம்பித்தாள். டக்.

"அக்கா! என்ன பண்றே?"

டக்.

"அக்கா, வேணாம். சொன்னாக் கேளு. திரும்ப வளர மாசக்கணக்காகும்."

"வளராது" என்றாள். மூன்றாவது விரல். "குடும்பத்து மானத்தை நான் வித்துட மாட்டேன். பயப்படாதே. எவன் வந்து கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன். எனக்கு டக்கு டக்குன்னு தட்டத்தான் தெரியும்." நான்காவது. "நீ சத்தியம் பண்ணப்போ நான் கேக்கவே இல்லையேடா. நீயாத்தானே குடுத்தே?"

சுண்டு விரலையும் முடித்தாள். அவள் செய்தித்தாளை நான்காக மடித்துக் குப்பையில் போட்டாள்.

வியாழக்கிழமை காலையில் தம்பி ஒரு துண்டுத் துணியோடு அவள் முன் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது. இடது கையை நீட்டினான். விரல்களில் ஒரு கீறல்கூட இல்லை.

"கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லிடறேன்" என்றான். "எனக்கு ஒத்தைக் கையால கட்டத் தெரியல."

அக்கா அவனை உற்றுப் பார்த்தாள். அறுபது தாண்டிய மனிதன், பள்ளிக்குப் போகாமலிருக்கக் காய்ச்சல் நடிக்கிற பிள்ளை மாதிரி நின்றான்.

"எந்த விரல்?"

"மோதிர விரல்."

துணியை வாங்கி, அன்றைக்குச் சுற்றியதுபோலவே மூன்று சுற்றுச் சுற்றினாள். நகமில்லாத விரல்களுக்கு முடிச்சு சட்டென்று அகப்படவில்லை. வாசலில் மணி அடித்தது. தொப்பிக்காரனின் குரலும், கருவிகளை இறக்கும் சத்தமும் கேட்டன.

"இறுக்காதேக்கா, வலிக்குது."

"வலிக்கட்டும். மூஞ்சி நம்பற மாதிரி இருக்கும்" என்றாள் அக்கா. இன்னும் ஒரு முறை இழுத்து முடிந்துவிட்டு, வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.