நடக்காத பதினாறு வகுப்புகள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். கல்விக் குழு கூடிய அன்று மழை பெய்தது என்று ஒரு நாள் தோன்றுகிறது. இன்னொரு நாள் யோசித்தால், சன்னல் திரையை இழுத்துவிடும் அளவுக்கு வெயில் அடித்த மாதிரியும் இருக்கிறது. யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் கலங்கிவிட்டது. எண்கள் மட்டும் கலங்கவில்லை. அவை தாளில் இருக்கின்றன. ஆகவே எண்களைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன்.

முதல் எண் தொண்ணூற்று நான்கு.

பல்கலைக்கழகத்தின் தரக் கண்காணிப்புப் பிரிவில் துணை அலுவலராக இருந்தவளை, அவள் காதில் விழாத தூரத்தில், ‘ஏன் மேடம்’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எந்தக் கோப்பு வந்தாலும் ஓரத்தில் பென்சிலால் ‘ஏன்?’ என்று எழுதித் திருப்பி அனுப்புவது அவள் வழக்கம். அந்தப் பெயர் அவள் காதில் எப்போதோ விழுந்துவிட்டது. உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்த ஆண்டு மாணவர் கருத்துக் கணிப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் ‘திருப்தி’ என்று குறித்திருந்தார்கள். வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வர நான்கு மாதம் இருந்தது. அந்த எண்ணைப் பெரிதாக அச்சிட்டு நுழைவாயிலில் மாட்டச் சொன்னார் பதிவாளர்.

அவள் அந்தக் கோப்பின் ஓரத்திலும் பென்சிலை வைத்தாள்.

“இதுக்கென்ன ஏன்?” என்றார் பதிவாளர். “நல்லா இருக்கு. அதனால நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க.”

“யார்கிட்ட சார் கேட்டோம்? வகுப்புல உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட. பாதியில எழுந்து போனவங்களை யாருமே கேக்கலையே.”

“சாப்பிடாம எழுந்து போனவன்கிட்ட ருசி எப்படின்னு கேக்கச் சொல்றீங்க.”

“அவன்கிட்டதான் சார் கேக்கணும்.”

பதிவாளர் கெட்டவர் இல்லை. இருபத்தெட்டு வருடமாகக் கையெழுத்துப் போட்டுப் போட்டு, எதில் போட்டால் வம்பு வரும் என்று முகர்ந்தே சொல்லக்கூடியவர். முகர்ந்து பார்த்துவிட்டுப் போட்டார். “பண்ணுங்க. ஆனா கடைசியில என் தலையில வந்து விடியக் கூடாது.”

பத்து வருடத்தில் படிப்பைப் பாதியில் விட்டவர்களில், தொலைபேசி எண் கிடைத்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களோடு பேச அவளும், பிரிவின் மூத்த எழுத்தரும் உட்கார்ந்தார்கள். எழுத்தருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். காலையில் உள்ளே நுழையும்போது போட்டால் மாலை பஸ் ஏறும்வரை அணையாது.

வேலைக்கான விதிகளை அவளே எழுதினாள். படிவத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும். பட்டியலில் உறவுக்காரர் யாராவது இருந்தால் அப்படியே எழுதிக் காட்டி, அந்த அழைப்பை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். கேள்வி கேட்ட பிறகு எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் நாமும் பேசாமல் இருக்க வேண்டும். எத்தனை நொடி என்று அதற்கான கட்டத்தில் எழுத வேண்டும்.

“பேசாம இருக்கிறதுக்குக் கட்டம் வேறயா?” என்றார் ரேடியோ. “மேடம், நான் கடைசியா பேசாம இருந்தது பல்லு பிடுங்குனப்பதான்.”

“பழகிக்குங்கண்ணே. நாம வாயைத் திறந்தா அவங்க மூடிக்குவாங்க.”

மூன்றாம் நாளே ரேடியோவுக்கு அது பிடித்துவிட்டது. பேசாத நேரத்தில் வரும் மூச்சு, தூரத்தில் ஓடும் மிக்ஸி, யாரோ கதவைச் சாத்தும் ஓசை எல்லாவற்றையும் கேட்டபடி விரலை மடக்கிக்கொண்டிருப்பார். “இவ்வளவு வருஷமா எவ்வளவு விஷயத்தைக் கேக்காமலே விட்டிருக்கேன்” என்று ஒரு தடவை சொன்னார். 

நூற்று முப்பத்தேழாம் வரிசையில் அவளுக்கு மனப்பாடமான ஓர் எண் இருந்தது. தம்பியின் எண். அவள் அதன் பக்கத்தில் ‘உறவினர்’ என்று எழுதி, தாளை ரேடியோ பக்கம் தள்ளினாள். அவர் பார்த்தார். தாளைத் தன் அழைப்புகளோடு சேர்த்துக்கொண்டார்.

தம்பி எட்டு வருடத்துக்கு முன்னால், இரண்டாம் ஆண்டில், இதே பல்கலைக்கழகத்தில் படிப்பை விட்டவன். வருகை போதவில்லை என்று தேர்வு எழுத விடவில்லை. அவன் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். “அவளுக்கு இருக்கிற பொறுப்புல கால்வாசி இவனுக்கு இருந்திருந்தா...” என்று அம்மா தொடங்குவாள். தம்பி தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான். அவளும் அந்தப் பேச்சைத் தடுத்ததில்லை. அம்மா சொல்வது சரிதான் என்றே நினைத்திருந்தாள். தரம் பார்க்கிறவளின் தம்பி வருகையில் தோற்றவன் என்பதில் ஒரு சின்னக் கூச்சமும் இருந்தது.

மறுநாள் ரேடியோ அந்தப் படிவத்தைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

“நீங்க படிக்கணுமா மேடம்? இல்ல, நானே மொத்தத்துல சேர்த்துடவா?”

“படிக்காம எப்படிண்ணே?”

அவர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் தாளைத் திருப்பினாள். ரேடியோவின் குண்டு குண்டான எழுத்து.

‘ஏன் விட்டீர்கள்? வருகை 75 வேண்டும், 73.9 என்றார்கள். வாரத்தில் இரண்டு காலை அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனேன். கணக்குப் பார்த்துத்தான் போனேன். என் கணக்கில் 77 இருந்தது. ஆசிரியர் வராத பதினாறு வகுப்புகளையும் நடந்ததாகச் சேர்த்துவிட்டார்கள்.

‘முறையிட்டீர்களா? இல்லை.

‘ஏன்? மௌனம், 52 நொடி. அந்த வருகைக் கணக்கு ஷீட்டைப் போட்டது எங்கள் வீட்டு ஆள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.’

ஊர்ப்பட்ட கோப்புகளில் ‘ஏன்’ எழுதியவள் இந்த ஒரு கேள்வியைத் தன் வீட்டில் கேட்டதில்லை. கணினியில் எட்டு வருடப் பழைய கோப்புறையைத் திறந்தாள். அந்த ஷீட்டை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதுவரை ஒவ்வொரு துறையும் கையால் போட்ட கணக்கை ஒரே ஷீட்டில் கொண்டுவந்தவள் என்று அவளுக்குப் பாராட்டுக் கடிதமே கொடுத்திருந்தார்கள். மொத்த வகுப்பு என்ற கட்டம் கால அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டிருந்தது. அட்டவணையில் 360. ஆசிரியர் வராவிட்டாலும் 360. அன்று அவளுக்கு வயது இருபத்து நான்கு. ஆசிரியர்கள் வராமல் இருப்பார்கள் என்று தோன்றவில்லை.

ரேடியோவும் அவளும் பழைய பதிவேடுகளை இறக்கினார்கள். தூசியில் ரேடியோ தும்மித் தும்மியே பாதி செய்திகளை வாசித்தார். ஆசிரியர் விடுப்புப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வகுப்பாக அடித்துக்கொண்டு போனதில், உண்மையில் நடந்தவை 344. தம்பி இருந்தவை 266. எழுபத்தேழு புள்ளி மூன்று. அவன் கணக்குத்தான் சரி.

புது மென்பொருள் வரும்வரை நான்கு வருடம் அந்த ஷீட் ஓடியிருந்தது. அதனால் தப்பாகத் தேர்வு மறுக்கப்பட்டுத் திரும்பி வராமலே போனவர்கள் முப்பத்தொரு பேர்.

அறிக்கையைப் படித்த பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

“மத்ததெல்லாம் அருமை. பஸ் நேரம், முதலாண்டு பயம், எல்லாம் இருக்கட்டும். இந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துடுங்க. எட்டு வருஷக் கதை. அடுத்த மாசம் இயக்குநர் பதவிக்கு உங்க பேரு போகுது. ஞாபகம் இருக்கில்ல?”

“இருக்கு சார்.”

“அப்புறம் ஏன்?”

அவர் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்ததும் இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அவள் அந்தப் பக்கத்தை எடுக்கவில்லை.

கல்விக் குழுவில் துணைவேந்தர், புலத்தலைவர்கள், பதிவாளர். அவள் மேசையின் கோடியில். முப்பத்தொன்று என்ற எண்ணை அவள் வாசித்ததும் அறிவியல் புலத்தலைவர் நிமிர்ந்தார்.

“ஷீட்டுல பிழைன்னு போட்டிருக்கீங்க. யார் போட்ட ஷீட்?”

அவள் வாயைத் திறப்பதற்குள் பதிவாளர் முந்திக்கொண்டார். “அப்ப இருந்த யாரோ சார். இப்ப அவங்க இல்லை.”

அது அவர் அவளுக்குச் செய்ய நினைத்த உபகாரம். அவள் அவரைப் பார்த்தாள். முப்பத்தொரு பேருக்கும் ‘யாரோ’தான் இதுவரை பதில் சொல்லியிருந்தார்.

“இருக்கேன் சார்” என்றாள். “நான்தான் போட்டேன்.”

யாரும் பேசவில்லை. பழக்கதோஷத்தில் அவள் எண்ணத் தொடங்கிவிட்டாள். பத்தொன்பதாவது நொடியில் துணைவேந்தர், “இப்ப என்ன செய்யலாம்னு சொல்றீங்க?” என்றார்.

அதையும் எழுதி வைத்திருந்தாள். முப்பத்தொரு பேருக்கும் கடிதம் போக வேண்டும். தவறு நம்முடையது என்று முதல் வரியிலேயே இருக்க வேண்டும். விரும்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடிதத்தின் அடியில் ஓர் ஆளின் பெயரும், அந்த ஆளே எடுக்கும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.

“யார் பேர்?”

“என் பேர்தான் சார்.”

பழைய மாணவர் பதிவில் தம்பிக்கு அம்மா வீட்டு முகவரிதான் இருந்தது. உறையை அம்மா பிரித்துவிட்டாள். அன்று மதியம் அலுவலகத்துக்குப் போன் வந்தது.

“இது உன் கையெழுத்துதானா?”

“ஆமாம்மா.”

“அவன் ஒழுங்காத்தான் போயிருக்கான்னு எழுதியிருக்க.”

“ஆமாம்மா. தப்பு என்னோடது.”

அம்மா வெகுநேரம் பேசவில்லை. அவளும் பேசவில்லை. “எட்டு வருஷமா அவன் தட்டுல சோத்தோட சேர்த்து நான் இதையும்ல போட்டிருக்கேன்” என்றாள் அம்மா கடைசியில். பிறகு குரல் மாறியது. “ஊருக்கெல்லாம் எழுதுற மாதிரியே வீட்டுக்கும் எழுதியிருக்க. நல்லது.” வைத்துவிட்டாள்.

அன்று அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தம்பி கடைக்குப் போனாள். அவன் கவிழ்த்துப் போட்ட ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் தலையை விட்டிருந்தான்.

“வா. அந்த ஸ்டூல்ல கிரீஸ் இருக்கு, இதுல உட்காரு” என்றான் தலையை எடுக்காமலே. “உங்க ஆபீஸ்ல ஒருத்தர் போன் பண்ணாரே, கேள்வி கேட்டுட்டு ஊமையாயிட்டாரு. லைன் கட்டாயிடுச்சுன்னு நான்தான் ரெண்டு தடவை ஹலோ ஹலோன்னேன்.”

“பேசாம இருந்த நொடியை மட்டும் எண்ணி எழுதியிருக்காரு. உன் ஹலோவைக் கட்டத்துல எழுதலையே.”

“பெரிய மனுஷன். மானத்தைக் காப்பாத்திட்டாரு.”

அவள் சிரிக்கவில்லை. “ஏன்டா சொல்லலை? அங்க போய்ச் சொல்ல வேண்டாம். என்கிட்டயாவது.”

அவன் ஸ்பேனரைத் துணியில் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வேலை கிடைச்ச புதுசுல நீ கழுத்துல அந்த அடையாள அட்டையை மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகிட்டு இருப்ப. ஞாபகம் இருக்கா? தூங்கப் போறப்பதான் கழட்டுவ. அங்க டயாலிசிஸ்ல அப்பா பக்கத்துப் படுக்கை, எதிர்ப் படுக்கை, ஊசி போடுற அம்மா, ஒருத்தரை விடமாட்டாரு. ‘ஒரு பல்கலைக்கழகத்துக்கே என் பொண்ணு கணக்குப் போடுறா’ன்னு. அவரைக் கூட்டிட்டுப் போனது நான். அந்தக் கணக்கு தப்புன்னு நான் போய் எப்படிச் சொல்ல?”

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துப் போனது. அவள் அவன் கைகளைப் பார்த்தாள். கருத்த, நிதானமான கைகள். தன்னை இத்தனை காலம் நிமிர்ந்து நடக்கவிட்டது இவைதான் என்று நினைத்தாள். அவமானம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது, ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு, இவன் என் தம்பி என்ற நினைப்பு முன்னால் வந்து நின்றது.

“எத்தனை நொடி?” என்றான் அவன்.

“எண்ணலைடா.”

“கணக்கு தப்புன்னு இப்பத்தான் நீயே ஒத்துக்கிட்டியே” என்று மறுபடி ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டான். “முப்பத்தொரு பேருக்கும் நீயே கையெழுத்துப் போட்டியாமே. அப்பா இருந்திருந்தா படுக்கை படுக்கையாப் போய்ச் சொல்லியிருப்பாரு.”

பிறகு நடந்தவை இவை. முப்பத்தொரு கடிதங்களில் நான்கு முகவரி தெரியாமல் திரும்பி வந்தன. பதினொரு பேர் மறுபடி சேர்ந்தார்கள், ஒன்பது பேர் முடித்தார்கள். தம்பி சேரவில்லை. பதில் தாளில் காரணம் என்ற இடத்தில் ‘இந்த வேலை பிடித்திருக்கிறது’ என்று எழுதி அனுப்பினான். அந்தக் கடிதம் அவன் கடையில், உரிமப் பத்திரத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. மாட்டியது அம்மா. இயக்குநர் பதவி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. ஏன் மேடம் இன்னும் துணை அலுவலர்தான். நுழைவாயிலில் தொண்ணூற்று நான்கு மாட்டப்படவில்லை. பதிவாளர் ஓய்வு பெற்றுவிட்டார். பிரிவு உபசாரத்தில் அவள் பேரைச் சொன்னபோது கண்ணாடியைத் துடைத்தார். ரேடியோ இரண்டு வருடம் கழித்து ஓய்வு பெற்றார். அவர் முன்னைவிடக் குறைவாகப் பேசுகிறார் என்று அவர் மனைவி கவலைப்படுகிறாள்.