பிரேமகுமாரிக்குத் திரும்பி வந்தவன்

பாறசாலையில் பூவார் பஸ் ஏறியதிலிருந்து லேகா இடம் மாறிக்கொண்டே இருந்தாள். வெயில் என்று இந்தப் பக்கம், எஞ்சின் இரைச்சல் என்று அந்தப் பக்கம். "சேச்சிக்கு ஏது சீட்டாணு வேண்டது?" எந்த சீட்டுதான் வேண்டும் என்று கண்டக்டர் மலையாளத்தில் கேட்டேவிட்டார். பாவம், சீட்டு என்ன செய்யும்? மடியில் கனமிருந்தால் வழியில் பயம்தான். அவள் கைபேசியில் ஒரு கதை இருந்தது. அந்தக் கதைக்குள் மார்கிரெட் இருந்தாள்.

லேகாவுக்குத் தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. மார்கிரெட் அதே கல்லூரி கேன்டீனில் சமைக்கிறவள், லேகாவைவிட நாலைந்து வயது மூத்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நெய்யாற்றின்கரையிலிருந்து சதாசிவன் என்பவர் கைபேசி வழியாகக் கதை எழுதக் கற்றுத் தருகிறார். லேகா அதில் சேர்ந்திருந்தாள். அவரிடம் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. நாயகிக்கு ஏதோ ஒன்று வேண்டும். அது என்ன என்று எழுதுகிறவளுக்குத் தெரியாவிட்டால் பேனாவை மூடி வைத்துவிட வேண்டும். தெரிந்தவர் வாழ்க்கையை எடுத்தால் பேர், ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஆனால் முள்ளாகக் குத்துகிற விவரம் எதுவோ அதை விட்டுவிடக் கூடாது. அச்சுக்குப் போகும் முன்னால், யாருடைய வாழ்க்கையோ அவரிடமே போய் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மற்றதையெல்லாம் ஓடி ஓடிச் செய்த லேகா, இந்தக் கடைசிச் சட்டத்தை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டாள். இன்று சாயங்காலம் வகுப்புக்காரர்களின் தொகுப்பு அச்சுக்குப் போகிறது. அதில் முதல் கதை அவளுடையது என்று சதாசிவன் சொல்லியிருந்தார்.

மார்கிரெட்டின் கணவர் நிக்கோலஸ் ஒரு பெருங்காற்றில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனவர். வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. உடல் வராத மகனை மரித்தவன் என்று சொல்ல அவருடைய அம்மைக்கு மனம் வரவில்லை. நவம்பர் மாதம் தேவாலயத்தில் இறந்தவர்களின் பேரை வாசித்து ஜெபிப்பார்கள். அந்த வீட்டிலிருந்து மட்டும் பேர் போகாது. போன நவம்பரில் மார்கிரெட் யாரிடமும் சொல்லாமல் வெள்ளறடைக்குப் போனாள். தன்னைத் தெரியாத ஒரு தேவாலயத்தில் நிக்கோலஸின் பேரைக் கொடுத்தாள். அதை வாசிக்கும்வரை இருந்து கேட்டாள். பிறகு வீட்டுக்கு வந்து மாமியாருக்கு மீன்கறி வைத்தாள். இதை அவள் லேகாவிடம் மட்டும்தான் சொன்னாள். கதை எழுதுகிறவளிடம் போய்ச் சொல்வதும், பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதும் ஒன்றுதான்.

லேகா மார்கிரெட்டைப் பிரேமகுமாரி ஆக்கினாள். கடலை எடுத்துவிட்டு மலையை வைத்தாள். நிக்கோலஸ், ரப்பர் லாரி ஓட்டப் போய்க் காணாமல் போனவன் ஆனார். நவம்பர் ஜெபம், ஆடி அமாவாசையில் இறந்தவர்களுக்குக் கொடுக்கும் கர்க்கடக வாவுப் பலி ஆயிற்று. யார் வீட்டில் என்ன விசேஷம், யார் அதற்குப் போகவில்லை என்பதெல்லாம் ஊருக்கே மனப்பாடமாக இருக்கும் இந்தப் பக்கத்தில், இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. விஷயம் மாமியார் காதுக்குப் போனால் மார்கிரெட் எந்த முகத்தோடு அந்த வீட்டில் இருப்பாள்? பஸ் பூவாரை நெருங்க நெருங்க லேகா கைபேசியைப் பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

முற்றத்தில் சாளை மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆரு, லேகாவா? வா மக்கா. இந்தக் கூர ஒழுகுது பாத்தியா? நிக்கோலஸு வந்த பொறவு மாத்தணும்."

"மாத்தலாம் அம்மா," என்றாள் லேகா. அவளுக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்கிரெட்டை இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தாள். சுற்றுலாப் படகுகள் ஆளில்லாமல் கட்டிக் கிடந்தன. விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்காக்கும் இப்பிடி ஓடி வந்திருக்கது?" என்றாள் மார்கிரெட். "செரி, வாசி."

லேகா வாசித்தாள். மார்கிரெட் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள். பிரேமகுமாரி தூரத்து ஆற்றுக்கடவில் பலிபோடும் இடத்தில் அந்த விரல் நின்றது.

"நிறுத்தவா அக்கா?"

"வாசி."

பலிபோட்ட பிரேமகுமாரி ஈரச்சேலையோடு வீட்டுக்கு வருகிறாள். படியில் கணவன் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருக்கிறான். நிமிர்ந்து, "எங்க போன?" என்று கேட்கிறான். கதை அங்கே முடிகிறது. வகுப்பு முழுவதும் சொக்கிப்போன முடிவு அது.

மார்கிரெட் தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

"வந்துட்டானா?"

"ம்."

"எனக்க மாப்பிளைய அவளுக்குக் குடுத்து, திரிச்சும் வர வச்சிட்டியே. கொள்ளாம்டீ, நல்லாத்தான் இருக்கு." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அவளுக்கு மட்டும் எப்பிடி வந்தான்?"

லேகாவுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்தவள் வயிற்றெரிச்சலை எடுத்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது. "கதைக்கு ஒரு திருப்பம் வேணும்னு வச்சேன் அக்கா. மாத்திருதேன். அவன் வராண்டாம்."

"வேண்டாம், வேண்டாம்," என்று மார்கிரெட் அவள் கையைப் பிடித்தாள். "வந்தவன் வந்தவனாட்டே இருக்கட்டு. அந்தக் கடைசிய ஒருக்கா கூட வாசி."

வாசித்தாள்.

"எங்க போனேன்னு கேட்டானில்லியா? அதுக்கு அவ என்ன சொன்னா?"

"அதோட கதை முடிஞ்சிருச்சு அக்கா."

"அதெப்பிடி முடியும்? கெட்டினவன் கேட்டா பதில் சொல்லாண்டாமா? ஒனக்குப் பலி போட்டுட்டு வாறேன்னு அவ எப்பிடிச் சொல்லுவா?"

அந்தக் கேள்வி லேகாவுக்குத் தோன்றவே இல்லை. வந்த காரியத்தையாவது பேசிவிடலாம் என்று அவசரப்பட்டாள். "அம்மைக்குத் தெரிஞ்சா சங்கடமாயிரும்னுதான் எனக்குப் பயம். நீங்க வேண்டாம்னு சொன்னா அனுப்ப மாட்டேன்."

"அம்மைக்குத் தமிழ் எழுத்து ஒண்ணும் அறியாது. ஆராவது சொன்னாலும் நான் சமாளிப்பேன்." மார்கிரெட் ஆறு கடலில் சேரும் பக்கம் பார்த்தாள். "அவருக்கு வாசிக்கத் தெரியும் மக்கா. தமிழ் ஸ்கூல்ல படிச்சவராக்கும். புஸ்தகம் எங்க கண்டாலும் எடுத்துப் புரட்டுவாரு. எங்கயாவது கரையடைஞ்சு, ஒரு சாயாக் கடையில இருந்து இத வாசிச்சாருன்னு வையி. பேர மாத்தினா அவருக்கு ஆளு தெரியாதா? இவ நம்மள மரிச்சவனாக்கிட்டாளேன்னு அவரு மனசு என்ன பாடுபடும்?"

நாயகிக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு லேகா வகுப்பில் 'நிம்மதி' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். சபாஷும் வாங்கியிருந்தாள்.

"அனுப்பல்ல அக்கா."

"உள்ளதாக்கும்? சத்தியமா?"

"உள்ளதாக்கும்."

மார்கிரெட் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாயா போடுகிறேன் என்று முன்னால் நடந்தாள். இதுவரை எழுதியதிலேயே நல்ல கதை இதுதான் என்று லேகாவுக்குத் தெரியும். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கைபேசி ஒலித்தது. கதை எங்கே, கதைக்கு உரியவர் என்ன சொன்னார் என்று சதாசிவன் கேட்டிருந்தார்.

நின்று யோசித்து, எழுதியதை அழித்து, மறுபடியும் எழுதி அனுப்பினாள்:

"அவங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கார் சார். வந்ததும் அவர்கிட்டயும் கேட்டுட்டு அனுப்புறேன்."